பீக்கன் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

போன புதன்கிழமை சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ரஹீமா நோட்டை நீட்டினாள்.

"அத்தா, சைன் போடுங்க. நாளைக்கு மிஸ் கேப்பாங்க."

எட்டாம் வகுப்பு. அவளுடைய இங்கிலீஷ் மிஸ் வாரத்துக்கு ஒரு சொல் கொடுக்கிறார். ஒரு பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் சொல்லின் அர்த்தம், இரண்டாவதில் அது எங்கிருந்து வந்தது, மூன்றாவதில் அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அடியில் பெற்றோர் கையெழுத்து. இந்த வாரச் சொல் பீக்கன்.

நானும் எட்டாவதோடு நின்றவன். என் இங்கிலீஷ் முழுக்க ஒயர் வழியாக வந்தது. பிளக், ஹோல்டர், சோக், ஸ்டார்ட்டர், பியூஸ். அதற்கு மேல் லோடு கொடுத்தால் டிரிப் ஆகிவிடும். ஆனாலும் பிள்ளைகள் எழுதியதை என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். "வாசிச்சு, தமிழ்ல சொல்லு" என்றேன். டீச்சர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

பீக்கன் என்றால் தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்படி உயரத்தில் வைக்கிற நெருப்பு, அல்லது விளக்கு. வழி காட்டுவதற்கு, இல்லையென்றால் ஆபத்தைச் சொல்வதற்கு. ஆனால் ரொம்பப் பழைய காலத்து இங்கிலீஷில் அந்தச் சொல்லில் வெளிச்சமே கிடையாதாம். வெறும் அடையாளம் என்றுதான் பொருளாம். பிறகு எதிரிப் படை வந்தால் ஒரு மலை உச்சியில் நெருப்பு மூட்டுவார்கள், அதைப் பார்த்து அடுத்த மலையில் மூட்டுவார்கள். அந்த நெருப்புக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் கடலோரத்து விளக்குக்கும் வந்தது. இதே குடும்பத்தில் பெக்கன் என்று இன்னொரு சொல் இருக்கிறது. கையைக் காட்டி, இங்கிட்டு வா என்று கூப்பிடுவது.

"நம்ம தமிழ்லயும் அப்படித்தான் அத்தா. கலங்கரை விளக்கம் இருக்குல்ல, கலம்னா கப்பல். கரையுறதுன்னா கூப்புடுறது. காக்கா கரையுதுன்னு சொல்றோமே, அந்தக் கரையுறது. கப்பலைக் கூப்புடுற விளக்கு. தமிழ் ஐயா சொன்னாங்க."

என் மகன் சலீம் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "கலெக்டர் கார் மேல செவப்பாச் சுத்துமே, அதுவும் பீக்கன்தான்."

"அதெல்லாம் எடுத்து எம்புட்டு நாளாச்சு. இப்ப ஆம்புலன்ஸ்லதான் சுத்துது. நீ சோத்தத் தின்னு" என்றாள் ரஹீமா.

மூன்றாவது கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதியிருந்தாள். சரியா தப்பா என்று மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுப் பேனாவால் எழுதுவாளாம். அதை வாசிக்க வெட்கப்பட்டாள். சலீம்தான் பிடுங்கி வாசித்தான். எங்கள் குடும்பத்துக்கு என் அத்தா ஒரு பீக்கன்.

பேனாவைத் திறந்தேன். திரும்ப மூடினேன். அன்று கடையில் பழைய ஃபேன்களின் பேரிங்கைக் கழட்டி மண்ணெண்ணெயில் கழுவியிருந்தேன். சோப்புப் போட்டும் உள்ளங்கையில் மணம் போகவில்லை. "கையெல்லாம் எண்ணெயா இருக்கு, நோட்டு அழுக்காயிரும். காலையில போடுறேன்" என்றேன். பிள்ளைகளே, காலையில் நீங்கள் எழுந்திருக்கும் முன்பே கடைக்குப் போய்விட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இரண்டு பேரும் உங்கள் ஜெய்னம்பு மாமி வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். மிஸ் திங்கட்கிழமை வரை விட்டிருக்கிறாராம், நோட்டு என் முன்னால் இருக்கிறது. கையெழுத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய் மணம் வந்தால் எனக்குக் கடல் ஞாபகம்தான் வரும். மற்றவர்களுக்கு ரேஷன் கடை ஞாபகம் வரலாம். மணமேல்குடிக்குத் தெற்கே எங்கள் கரையில் இரண்டு அரிக்கேன் விளக்குகள் தினமும் எரிந்தன. ஒன்று தண்ணீர் ஓரத்தில், ஆள் உயரக் கம்பத்தில். அதன் பெயர் சின்னவள். இன்னொன்று அதற்கு நேர் பின்னால், உள்ளே தள்ளி இருந்த ஒரு ஓட்டு வீட்டின் முகட்டில். அது பெரியவள். எங்கள் பக்கத்துக் கடல் அலை அடிக்கிற கடல் இல்லை, சேற்றுக் கடல். படகு கரைக்கு வர ஒரே ஒரு ஆழமான பாதைதான். அதற்கு வடக்கே சேறு. தெற்கே எப்போதோ இடிந்துபோன படகுத் துறையின் கட்டைகள், தண்ணீருக்கு அடியில் கூராக நிற்கும்.

இருட்டில் வருகிறவர்கள் இரண்டு விளக்கையும் பார்ப்பார்கள். சின்னவள் தலைக்கு மேலே நேராகப் பெரியவள் நின்றால் படகு பாதையில் இருக்கிறது. பெரியவள் எந்தப் பக்கம் விலகித் தெரிகிறாளோ அந்தப் பக்கம் நாம் விலகிவிட்டோம். உடனே திருப்பி அவளை நேரே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். ஒரு விளக்கு மட்டும் தெரிந்தால் கரை இருக்கிறது என்று தெரியும், வழி தெரியாது. இதை எனக்குச் சொன்னவன் தங்கராசு. எட்டு வருடம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

பெரியவள் எரிந்தது அவன் வீட்டு முகட்டில்தான். வீட்டில் அவனும் அவன் அக்காவும் மட்டும். பஞ்சவர்ணம் அக்காவுக்கு அவனைவிடப் பத்து வயது அதிகம். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்து, கருவாடு போட்டு, தம்பியை வளர்த்தது. தினமும் பொழுது சாய்கிறபோது எட்டுப் படி வைத்த மர ஏணியைச் சாத்தி ஏறி விளக்கை ஏற்றும். யாராவது வர நேரமானால் அரிக்கேனை இறக்கிவிட்டு பெட்ரோமாக்ஸை ஏற்றி வைக்கும். அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால், நம்மைத் தேடுகிறார்கள் என்று கடலில் இருக்கிறவனுக்குப் புரியும்.

தங்கராசு படகுக்குப் போனான். நான் மணமேல்குடியில் ஒரு மைக்செட் கடையில் சேர்ந்தேன். கடலுக்குப் போகப் பயம் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை, கரண்ட் வேலையில் எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். சீரியல் செட் கட்டுவேன். குழாயில் பாட்டுப் போடுவேன். மைக்கைத் தட்டி "அலோ, அலோ" என்று சொல்வதற்காகவே அந்த வேலையில் இருந்தேன் என்றும் சொல்லலாம். கலர் அடித்த சின்ன பல்புகள் சூடானால் ஒரு பெயிண்ட் மணம் வரும். எனக்கு அது அத்தர் மாதிரி.

"நீ கட்டுற லைட்டுக்கு ஈசல்தான் வரும் மாப்ளே. மனுசன் வருவானா?" என்பான் தங்கராசு.

"வருவாண்டா. ஒருநாள் பாரு, நடுக்கடல்லேருந்து தெரியிற மாதிரி ஒண்ணு கட்டுறேன்."

கட்டினேன். என் இருபத்தோராவது வயதில், என் தங்கச்சி ஜெய்னம்புவின் கல்யாணத்துக்கு.

எங்கள் வீடு பஞ்சவர்ணம் அக்கா வீட்டுக்கு வடக்கே, இருநூறு அடி தள்ளி. வாசலில் இரண்டு சவுக்கு மரத்தை ஒன்றோடு ஒன்று கட்டி நட்டேன். உச்சியில் ஒட்டுப்பலகையில் பிறையும் நட்சத்திரமும், அதற்கு நடுவில் கடலைப் பார்த்து ஒரு பெரிய ஃபோகஸ் லைட். கடைக்காரர் ஜெனரேட்டரைக் கல்யாணப் பரிசாக இரண்டு நாளைக்கு விட்டிருந்தார். நான் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது பஞ்சவர்ணம் அக்கா கருவாட்டுக் கூடையோடு நின்று அண்ணாந்து பார்த்தது.

"ஏண்டா, அம்புட்டு ஒசரத்துல ஏறி நிலாவுக்கு வெள்ளையடிக்கப் போறியா?"

"கடல்லேருந்து பாத்தா தெரியணும்க்கா."

"தெரிஞ்சா? மீனெல்லாம் கல்யாணத்துக்கு வந்துருமா?"

மீனைத்தான் தங்கராசு கொண்டுவருகிறேன் என்று போயிருந்தான். அன்று விடியுமுன் எங்கள் வாசலில் நின்று சொன்னான். "ஆட்டுக்கறி எல்லாரும்தான் போடுறாங்க. ஒன் மச்சானுக்கு நான் கொடுவா கொண்டாரேன். ஒன் தங்கச்சிக்கு நானும் அண்ணந்தானே." எனக்கு இன்னும் அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நடந்துபோன முதுகு ஞாபகம் இருக்கிறது. அப்போது இன்னும் நடாத அந்தக் கம்பத்தைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரைக்கு வரும்போது பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தேன்.

அது கல்யாணத்துக்கு முதல் நாள். மற்ற படகுகள் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டன. அவன் படகு மட்டும் வரவில்லை. பெரிய மீனுக்காகக் காத்திருப்பான் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பயப்படவில்லை. வீட்டுக்குள் ஜெய்னம்பு கையை நீட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பஞ்சவர்ணக்கா வந்துதான் மருதாணி வைக்க வேண்டுமாம். ஆள் மேல் ஆள் போனது. கடைசியில் அக்கா சேலையை மாற்றிக்கொண்டு வந்தது. நேரே வீட்டுக்குள் போகவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்து ஒரு தீப்பெட்டியைக் கையில் வைத்தது.

"தம்பி, பொழுது விழவும் ஏணியில ஏறி ஒரு குச்சி கிழிச்சுட்டு வந்துரு. எண்ணெய் ஊத்தி, திரியெல்லாம் தூண்டி வச்சுட்டேன். மருதாணியில கைய வச்சுட்டா நடுவுல எந்திரிக்க முடியாது. அவன் இன்னும் கரை ஏறல."

"நீ போக்கா, நான் பாத்துக்கறேன்."

"மறந்துற மாட்டியே?"

"வெளக்குக்காரன்கிட்டப் போயி வெளக்கப் பத்திச் சொல்றியாக்கா?"

சிரித்துக்கொண்டு உள்ளே போனது.

பொழுது விழுந்தது. தண்ணீர் ஓரத்தில் அன்றைய முறைக்காரர் சின்னவளை ஏற்றிவிட்டுப் போனார். நான் ஜெனரேட்டரை இழுத்துச் சுவிட்சைப் போட்டேன். பிள்ளைகளே, அந்த வெளிச்சத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல? மணலில் ஒவ்வொரு கிளிஞ்சலுக்கும் நிழல் விழுந்தது. கரை முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "யாரு செட்டு இது?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

நின்றபோது சட்டைப் பையில் தீப்பெட்டி உறுத்தியது.

இந்த இடத்தில்தான் நான் பொய் சொல்லக் கூடாது. ரொம்ப வருடம் எனக்கு நானே, மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டு அமளியில் மறப்பது சகஜம்தானே. நான் மறக்கவில்லை. தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். இருட்டில் இருந்த அந்த முகட்டைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அந்த அரிக்கேன் எதற்கு என்று நினைத்தேன். புதுச் சட்டையில் விளக்குக் கரி படும் என்றும் நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெளிச்சம் கூடினால் வழி இன்னும் நன்றாகத் தெரியும் என்பதுதான் கடலுக்குப் போகாத என் கணக்கு.

கடலிலிருந்து பார்த்தவனுக்குத் தாழ்வாக ஒரு விளக்கு, அதற்குப் பின்னால் உயரத்தில் ஒரு வெள்ளை விளக்கு. படகில் மூன்று பேர் வந்தார்கள். கூட வந்த முனியாண்டி அண்ணன் பிறகு சொன்னார். "அக்கா பெட்ரோமாக்ஸ் போட்டுருச்சுடா, தேட ஆரம்பிச்சிருச்சு, வெரசாப் போவோம்னு தங்கராசு சொல்லிச் சிரிச்சான். ரெண்டையும் நேரே வச்சு முழு வேகத்துல விட்டான்." வடக்கே இருந்த என் விளக்கைச் சின்னவள் தலைக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினால் படகு பாதைக்குத் தெற்கே போய்விடும். தெற்கே கட்டைகள்.

எங்கள் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போட்டிருந்தேன். கரையிலிருந்து யாரோ ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுக்கிறவரை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் அக்கா இரண்டு கையிலும் மருதாணியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. விடிகாலையில் பாங்கு சொல்லும் நேரத்தில் தங்கராசைக் கட்டைகளுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள். கோணிச் சாக்கில் கட்டியபடி இரண்டு கொடுவா மீன் தனியாக ஒதுங்கியது. அதை யாரும் தொடவில்லை.

நிக்காஹ் பள்ளிவாசலில் பத்துப் பேரோடு நடந்தது. அந்தக் கம்பத்தை நான் பகலிலேயே இறக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் கரைக் கூட்டம் போட்டார்கள். வழக்கம் அது. கடலில் ஆள் போனால் ஏன் போனான் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். கரைத் தலைவர் முதலில் என் கம்பத்தைத்தான் எடுத்தார். உடனே இன்னொருவர், "கல்யாண வீட்டுல லைட்டுப் போடுறது ஒலகத்துல இல்லாததா? பெரியவ எரிஞ்சிருந்தா ரெண்டு ஒசரமான வெளக்குத் தெரிஞ்சிருக்கும், அவனும் சுதாரிச்சிருப்பான். பெரியவள ஏன் ஏத்தலன்னு கேளுங்க" என்றார்.

தலைவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "பஞ்சவர்ணம், அன்னைக்கு வெளக்கு ஏத்துனியா?"

நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. என் முழங்கால் அசைந்தது, அதுவரை உண்மை. அக்கா என்னைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, இப்போது நினைத்தாலும் அந்தப் பார்வை முடியவில்லை. பிறகு தலைவரிடம், "இல்லங்க. மருதாணி வைக்கப் போற அவசரத்துல மறந்துட்டேன்" என்றது.

யாரோ ஒரு அம்மா, "கூடப் பொறந்தவன் கடல்ல கெடக்கையில மருதாணி கேக்குதா" என்றாள். அக்கா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டது. மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து என் அம்மா சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து ஊறிப்போன தீப்பெட்டியை எடுத்து, "பீடி குடிக்கப் பழகிட்டியா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

பெரியவளை வேறு வீட்டு முகட்டுக்கு மாற்றினார்கள். அந்தப் புது வீட்டுக்கு மட்டும் எத்தனை பேர் மண்ணெண்ணெய் கொண்டுபோனார்கள் தெரியுமா? அக்காவிடம் கருவாடு வாங்குவது குறைந்தது. அடுத்த வருடம் அது ஊரைவிட்டுப் போய், ஆவூர்ப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தது. நானும் அந்தக் கரையில் இருக்க முடியாமல் புதுக்கோட்டைக்கு வந்து ஃபேன் காயில் கட்டக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் நான் லைட் கட்டியதில்லை. உங்கள் அம்மா கூட, எலெக்ட்ரீசியன் வீட்டில் ஒரு கலர் பல்பு கிடையாது என்று கேலி செய்வாள்.

ரஹீமா, நீ பிறந்த வருடம் அக்காவைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முடி நரைத்திருந்தது. பெரிய அண்டாக்களுக்கு நடுவில் என்னைப் பார்த்ததும், "வாடா வெளக்குக்காரா" என்றது. இலை போட்டுச் சோறு வைத்தது.

"அக்கா, அன்னைக்கு நீ என்கிட்டத் தீப்பெட்டி குடுத்துட்டுப் போனில்ல..."

"சாப்புடு. சோறு ஆறுது."

"இல்லக்கா, நான் மறக்கல..."

"கொழம்பு ஊத்தவா?" என்று கரண்டியோடு குனிந்தது. "ஒன் தங்கச்சி நல்லா இருக்காளா? எத்தனை புள்ள?"

"மூணு."

"அது போதும்டா. கூட்டத்துல ஒன் பேரு அடிபட்டு, என்ன மாதிரி அறுத்துக்கிட்டு வந்து நிக்காம அவ வாழ்ந்தாள்ல. அது போதும்."

நான் சோற்றைத் தின்றேன். மறக்கல என்று நான் சொன்னதை அக்கா கேட்டதா, கேட்டும் ஒதுக்கியதா, தங்கராசை மறக்கவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டதா, தெரியாது. மறுபடி போய்த் தெளிவாகச் சொல்லலாம் என்று பன்னிரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். போன வருடம் அந்த விடுதியிலிருந்து ஒருவர் கடைக்கு மோட்டார் கொடுக்க வந்தார். விசாரித்தேன். அக்கா இறந்துபோய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது என்றார். கடைசி வரைக்கும் விடுதி வாசல் விளக்கைப் பொழுது சாயுமுன் அதுதான் போடுமாம். வேறு யார் போட்டாலும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகுமாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போனேன். சின்னவள் நின்ற கம்பம் இல்லை. அந்த இடத்தில் உயரமான கோபுர விளக்கு, ஊசி விழுந்தால் எடுக்கலாம். பையன்கள் கையில் செல்போன், அதில் கோடு போட்டுப் பாதை தெரிகிறது. கரையைப் பார்க்காமலே கரைக்கு வருகிறார்கள். நல்லதுதான். கட்டைகளைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டார்களாம். அக்கா வீடு இருந்த இடத்தில் இறால் பண்ணை. பெரியவள், சின்னவள் என்று ஒரு பையனிடம் கேட்டேன். "யாரு வீட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டான்.

ரஹீமா, உன் நோட்டில் பிழை எதுவும் இல்லை. கூப்பிடுகிற விளக்கு என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. என் விளக்கும் கூப்பிட்டது. நன்றாகத்தான் கூப்பிட்டது. அவன் நம்பி வந்தான்.

இந்தத் தாள்களை நோட்டுக்குள் வைக்கிறேன். சலீமுக்கும் வாசித்துக் காட்டு. அந்த வாக்கியம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. நீ அதை அப்படியே விட்டாலும் கொண்டு வா, அழித்துவிட்டு வேறு எழுதினாலும் கொண்டு வா. கையெழுத்துப் போடுகிறேன்.

வீடு போய்விட்டது. முகடு போய்விட்டது. அக்காவும் தம்பியும் போய்விட்டார்கள். அந்த ஏணி மட்டும் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. எட்டுப் படி. ஏறி, ஒரு குச்சி கிழித்து, இறங்கி வர ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.